ஒரே டாங்கிளில் இரண்டு நெட்வொர்க்

மன்னார்குடிப் பக்கம் சம்பா வயலில் புகையான் பூச்சித் தாக்குதல் பார்க்க ட்ரோன் விடுகிறேன். ட்ரோனில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி போர்டு ஒன்று, அதில் 4ஜி டாங்கிள் ஒன்று. வீடியோ, டெலிமெட்ரி (உயரம், பேட்டரி போன்ற பறப்புத் தகவல்) இரண்டும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். வட்டவட்டமாகக் காய்ந்த திட்டு தெரிகிறதே என்று கேமராத் தரத்தைக் கூட்டினால் போச்சு: டாங்கிள் திணறும், தரையில் லேப்டாப்பில் ஓடும் மிஷன் பிளானரில் தெரியும் உயரமும் பேட்டரியும் சில விநாடி பழசாகிவிடும். தென்னந்தோப்பு ஓரத்தில் இது விளையாட்டில்லை.

இன்னொரு டாங்கிள் வாங்கி எடை ஏற்ற வேண்டாம். லினக்ஸின் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் போதும்: ஒரே போர்டுக்குள் முகவரியும் ரூட்டிங்கும் தனித்தனியாக உள்ள இரண்டு நெட்வொர்க். கட்டளைக்கு ஒன்று, காட்சிக்கு ஒன்று.

சாதாரண சிம்முக்கு வெளியிலிருந்து நேரே எட்டும் முகவரி பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே வாடகை சர்வர் ஒன்றுக்கு இரண்டு வயர்கார்டு (விபிஎன்) இணைப்பு போடுங்கள். சூட்சுமம் இதில்தான்: இரண்டையும் போர்டின் முதன்மை நெட்வொர்க்கில் உருவாக்கி, பிறகு அதனதன் நேம்ஸ்பேஸுக்கு நகர்த்துங்கள். அப்புறமும் பாக்கெட்டுகள், இணைப்பு பிறந்த முதன்மை நெட்வொர்க்கின் டாங்கிள் வழியாகவே வெளியேறும். டெலிமெட்ரியை அனுப்பும் மாவ்லிங்க் ரவுட்டர் கட்டளை நேம்ஸ்பேஸுக்குள், வீடியோவை அனுப்பும் ஜிஸ்ட்ரீமர் காட்சி நேம்ஸ்பேஸுக்குள் ஓடட்டும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். முறை வைக்காமல் வாய்க்காலை மட்டும் இரண்டாக வெட்டினால் கடைமடைக்குத் தண்ணீர் வருமா? வயலில் நின்று, பறக்கவிடும் நேரத்திலேயே ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் கருவி கொண்டு அப்லோடு வேகம் பாருங்கள். சாயங்காலமானால் டவர் இழுக்கும். 4 எம்பிபிஎஸ் வந்தால் மொத்த வரம்பு 3 என்று வையுங்கள். அப்போதுதான் நெரிசல் டாங்கிளுக்குள் சேராமல் போர்டிலேயே நிற்கும். எது முன்னே போவது என்பதும் நம் கையில் இருக்கும். இரண்டு இணைப்பின் பாக்கெட்டுகளுக்கும் வெவ்வேறு எஃப்டபிள்யூமார்க் (அடையாள எண்) கொடுத்து, டாங்கிளில் லினக்ஸின் டிசி (tc) கருவியால் வேகத்தைப் பங்கிடும் இரண்டு ஹெச்டிபி வகுப்பு போட்டு, அந்த அடையாளப்படி பாக்கெட்டுகளைப் பிரித்துவிடுங்கள். கட்டளைக்கு 256 கேபிபிஎஸ்ஸும் முன்னுரிமையும் தாராளம். மிச்சம் வீடியோவுக்கு, என்கோடர் பிட்ரேட்டும் அந்த மிச்சத்துக்குள் அடங்கட்டும்.

ப்ரொப்பல்லரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். கட்டளை நேம்ஸ்பேஸிலிருந்து சர்வருக்குப் பிங், வீடியோ இல்லாமல் ஒருமுறை, முழுத் தரத்தில் ஓடும்போது ஒருமுறை. பெரிய வித்தியாசம் தெரிந்தால் மொத்த வரம்பை இன்னும் குறையுங்கள்.

டவரே போய்விட்டால் இதெல்லாம் உதவாது. ரேடியோ ரிமோட் கையில் இருக்கட்டும். ட்ரோனை ஓட்டும் ஆர்டுபைலட் மென்பொருளில் ஜிசிஎஸ் ஃபெயில்சேஃப் (தரைக் கட்டுப்பாட்டுத் தொடர்பு அறுந்தால் இயங்கும் பாதுகாப்பு) ஆன் செய்திருக்கிறதா என்றும் பாருங்கள். தஞ்சாவூர் விமானப்படைத் தளம் பக்கம் போகிறவர்கள், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் பார்க்காமல் ட்ரோனைப் பெட்டியிலிருந்தே எடுக்காதீர்கள்.