கப்பல் எலக்ட்ரீஷியன் வேலை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரையில் மோட்டார், பேனல், ஜெனரேட்டர் என்று எல்லாம் பார்த்துத் தேர்ந்தவர்களுக்குக்கூடக் கப்பலில் இடம் கிடைக்காமல் போகிறது. அவர்களில் பலருக்குத் தொழில் நன்றாகவே தெரியும். தவறான கதவைத் தட்டியிருப்பார்கள், ஏதோ ஒரு காகிதத்தில் தேதி தாண்டியிருக்கும், இல்லையென்றால் நேர்காணலில் கரைப் பழக்கத்தில் ஒரு பதில் சொல்லியிருப்பார்கள்.

மூன்று வேலைகளுக்கு ஒரே பயோடேட்டா

‘மரைன் எலக்ட்ரீஷியன்’ என்ற பெயரில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஓடும் கப்பலில் பணிபுரிவது ஒன்று. கப்பல் கட்டும் தளத்திலும், கப்பலைத் தண்ணீரில்லாமல் நிறுத்திப் பழுது பார்க்கும் டிரை டாக்கிலும் கேபிள் இழுப்பது, கிளாண்ட் போடுவது, மோட்டாரைக் கழற்றி ஓவர்ஹால் செய்வது இரண்டாவது. உல்லாசப் படகு, மீன்பிடிப் படகுகளில் 12, 24 வோல்ட் வயரிங், பேட்டரி, இன்வெர்ட்டர், கரை மின் இணைப்பு பார்ப்பது மூன்றாவது.

முதல் வேலைக்குக் கடல் சான்றிதழ்கள் இல்லாமல் விண்ணப்பமே நகராது. இரண்டாவதற்குக் கேபிள் டிரே, டெர்மினேஷன், மெக்கர் (இன்சுலேஷன் சோதனை) ரிப்போர்ட், வரைபடம் படிக்கும் திறன்தான் முக்கியம். மூன்றாவதில் வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பி ஏன், கரை மின்சாரத்தைச் செருகியதும் படகின் உலோகப் பாகங்கள் ஏன் அரிக்கின்றன என்று கேட்பார்கள். மூன்றுக்கும் ஒரே தாளை அனுப்பினால் மூவருமே இது தங்களுக்கு வந்ததல்ல என்று ஒதுக்கிவிடுவார்கள்.

எல்லாக் கப்பலிலும் இடம் இருக்கும் என்று நம்புவது

கப்பலில் எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர், அதாவது இ.டி.ஓ., கட்டாயம் இருக்க வேண்டும் என்று, மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய சர்வதேச எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கை சொல்லவில்லை. அந்தப் பதவியில் இருப்பவருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அதனால் தானியம், தாது போன்றவற்றை மொத்தமாக ஏற்றும் பல பல்க் கேரியர்கள் இ.டி.ஓ. இல்லாமலே ஓடுகின்றன, மின் வேலையை இன்ஜினியர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

மின் வேலை குவிந்திருக்கும் கப்பல்களைத் தேடுங்கள்: ரீஃபர் (குளிரூட்டிய) கன்டெய்னர் ஏற்றும் கப்பல்கள், எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) டேங்கர்கள், டீசல் எலக்ட்ரிக் கப்பல்கள், டைனமிக் பொசிஷனிங் (நங்கூரமில்லாமல் ஒரே இடத்தில் நிற்கும் வசதி) உள்ள ஆஃப்ஷோர் கப்பல்கள், குரூஸ் கப்பல்கள். குரூஸ் கப்பலில் எலக்ட்ரீஷியன்கள் ஒரு குழுவாகவே இருப்பதால் தொடக்கநிலை இடங்களும் கிடைக்கும். இன்னொரு வழி, பழுது பார்க்கக் கப்பலுக்கே போய்த் தங்கி வேலை செய்யும் ரைடிங் ஸ்குவாட். பலர் இதைக் கீழான வேலை என்று ஒதுக்குகிறார்கள். கரை ஆளுக்குக் கப்பலின் சுவிட்ச்போர்டைத் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் முதல் வாய்ப்பு பெரும்பாலும் இதுதான்.

சான்றிதழ்களில் குழப்பம்

2010ஆம் ஆண்டு மணிலாவில் ஏற்கப்பட்டு 2012 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களில்தான் மின் பணிக்கென்று இரண்டு தனி விதிகள் வந்தன. III/6 அதிகாரிக்கு, III/7 ரேட்டிங்குக்கு, அதாவது அதிகாரி அல்லாத பணியாளருக்கு. III/7 சான்றிதழை வைத்துக்கொண்டு இ.டி.ஓ. இடத்துக்கு விண்ணப்பிப்பது அடிக்கடி நடக்கும் வீண் வேலை.

III/6க்கு, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தின் வழியே வந்தால் பட்டறைப் பயிற்சியும் கடற்சேவையும் சேர்த்து 12 மாதம் வேண்டும். அதில் 6 மாதமாவது கடலில் கழிந்திருக்க வேண்டும். அந்தத் திட்டம் இல்லாமல் வந்தால் மொத்தம் 36 மாதம், அதில் இன்ஜின் பிரிவில் 30 மாதம் கடலில். III/7க்கு உள்ள வழிகளில் ஒன்று, தேவையான தொழில்நுட்பத் தகுதி ஏற்கெனவே உள்ளவருக்கு 3 மாதக் கடற்சேவை போதும் என்கிறது. கரையில் டிப்ளமாவும் அனுபவமும் உள்ளவர்கள் தங்கள் நாட்டின் கடல்சார் நிர்வாகம் எதை ஏற்கிறது என்று கேட்ட பிறகே கோர்ஸுக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டிவிட்டுக் கேட்பவர்கள்தான் அதிகம்.

இவை தவிர அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிகள் நான்கும் பாதுகாப்பு விழிப்புணர்வு (செக்யூரிட்டி அவேர்னஸ்) சான்றிதழும் வேண்டும். டேங்கருக்குப் போவதானால் எண்ணெய், ரசாயனக் கப்பலுக்கு ஒன்று, எரிவாயுக் கப்பலுக்கு வேறொன்று என்று அடிப்படைப் பயிற்சி பிரியும். எண்ணெய் டேங்கர் சான்றிதழோடு எல்.என்.ஜி. கப்பலுக்கு விண்ணப்பித்தால் செல்லாது.

தேதிகள்

மருத்துவச் சான்றிதழ் அதிகபட்சம் 2 ஆண்டு செல்லும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு 1 ஆண்டு. உயிர்காப்பு, தீயணைப்புப் பயிற்சிகளின் தேர்ச்சியை 5 ஆண்டுக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும், ஆனால் ஊசி போட்ட 10ஆவது நாளில்தான் அது செல்லத் தொடங்கும். திங்களன்று ஊசி போட்டு வெள்ளியன்று கப்பலேற நினைத்தால் சிக்கல்.

‘இன்று இருக்கிறதா’ என்று பார்க்காதீர்கள், ‘காண்ட்ராக்ட் முடியும்வரை இருக்குமா’ என்று பாருங்கள். ஆறு மாத ஒப்பந்தத்துக்கு நான்கு மாதம் மிச்சமுள்ள சான்றிதழை கப்பலுக்கு ஆள் எடுக்கும் எந்தக் க்ரூயிங் அலுவலகமும் விரும்பாது.

நிறப்பார்வைச் சோதனையை எல்லாக் கோர்ஸும் முடிந்தபின் செய்வது, செலவைக் கடலில் போடுவது மாதிரி. வயர் நிறம் பார்க்கும் வேலை இது. இங்கே விலக்கு கிடைக்காது. நிறம் திருத்தும் கண்ணாடி அணிந்து அந்தச் சோதனையில் தேறவும் முடியாது. முதல் ரூபாயைச் செலவழிக்கும் முன் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பயோடேட்டாவில் இல்லாத விவரம்

‘எல்லா மின் வேலையும் தெரியும்’ என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. படிப்பவர் தேடுவது கப்பல் வகை, ஜெனரேட்டர் எத்தனை, எத்தனை கிலோவாட், என்ன வோல்டேஜ், எந்த அலாரம் சிஸ்டம், எந்த வகைக் கிரேன், எத்தனை ரீஃபர் பாயிண்ட். ‘6.6 கிலோவோல்ட் பௌ த்ரஸ்டர், வேக்வம் சர்க்யூட் பிரேக்கர் பராமரிப்பு’ என்ற ஒரு வரி ஒரு பக்கப் புகழ்ச்சியைவிட வேலை செய்யும். 1,000 வோல்ட்டுக்கு மேல் உள்ளது உயர் மின்னழுத்தம். அந்தப் பயிற்சி இருந்தால் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கப்பலேறிய, இறங்கிய (சைன் ஆன், சைன் ஆஃப்) தேதிகள், கடற்சேவையைப் பதியும் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு நாள் பிசகாமல் பொருந்த வேண்டும். கரையில் இருந்த மாதங்களை மறைக்காமல் ‘ஜெனரேட்டர் சர்வீஸ் பட்டறை’ என்று காரணத்தோடு எழுதினால் அது அனுபவமாகவே எண்ணப்படும்.

நேர்காணலில் கரைப் பதில்

அதிகம் பேர் விழும் இடம் இது. முதல் கேள்வி பெரும்பாலும் எர்த் ஃபால்ட், அதாவது மின்கம்பி கப்பல் உடலைத் தொடும் பழுது. ‘பிரேக்கர் டிரிப் ஆகும்’ என்று சொன்னால் கப்பல் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். வழக்கமான 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கப்பலில் நியூட்ரல் கப்பல் உடலோடு இணைக்கப்படுவதில்லை. ஒரு ஃபேஸ் உடலில் பட்டாலும் ஸ்டியரிங் கியர் மோட்டார் நின்றுவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அலாரம் மட்டும் வரும். சுவிட்ச்போர்டில் ஃபேஸுக்கு ஒன்றாக உள்ள மூன்று எர்த் விளக்குகளில் பழுதான ஃபேஸின் விளக்கு மங்கி, மற்ற இரண்டும் கூடுதலாக எரியும். அதை அப்படியே விட்டுவைத்து இன்னொரு ஃபேஸிலும் பழுது வந்தால், கப்பல் உடல் வழியாகவே ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும்.

தேடும் முறையையும் வரிசையாகச் சொல்லுங்கள்: டியூட்டி இன்ஜினியரிடமும் பிரிட்ஜிலும் சொல்லிவிட்டு, முதலில் லைட்டிங்கா பவரா என்று பிரித்து, அத்தியாவசியம் அல்லாத ஃபீடர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது. தண்ணீர் புகும் சமையலறை (galley) ஹீட்டர், லாண்டரி, டெக் விளக்குகள்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். பம்பு போன்ற அவசியமானவற்றை ஸ்டாண்ட்பைக்கு மாற்றிய பிறகே நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, மெக்கர். 440 வோல்ட் மோட்டாருக்கு 500 வோல்ட் டி.சி., குறைந்தது 1 மெகாஓம் என்பதோடு நிறுத்தாதீர்கள். ஏ.வி.ஆர். (ஜெனரேட்டரின் வோல்டேஜ் ரெகுலேட்டர்), இன்வெர்ட்டர் டிரைவ், எலக்ட்ரானிக் கார்டுகளைக் கழற்றிவிட்டுத்தான் மெக்கர் செய்வேன், செய்தபின் டிஸ்சார்ஜ் செய்வேன் என்பதும் சேர்ந்தால்தான் முழுப் பதில். ஒரு கார்டு கருகினால் மாற்றுக் கார்டு அடுத்த துறைமுகத்தில்தான்.

ஜெனரேட்டரைப் பாரலல் செய்வதில், புதிதாகச் சேரும் மெஷினின் ஃப்ரீக்வென்சி சற்றுக் கூடுதலாக, சிங்க்ரோஸ்கோப் (ஒத்திசைவைக் காட்டும் கருவி) முள் கடிகாரத் திசையில் மெதுவாகச் சுற்ற வேண்டும். 12 மணி நிலைக்குச் சற்று முன்பே பிரேக்கரைப் போட வேண்டும். முள் எதிர்த் திசையில் ஓடும்போது போட்டால் அந்த ஜெனரேட்டர் மோட்டாராகி ரிவர்ஸ் பவரில் விழும். எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் லோடு எடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் செலக்டர் ஆட்டோவில் இருக்கிறதா, பேட்டரி, எரிபொருள் குயிக் க்ளோசிங் வால்வு, ஸ்டாப் சொலினாய்டு, பிறகு இரண்டாவது ஸ்டார்ட்டிங் முறை என்று போங்கள்.

எந்தக் கேள்விக்கும் பதிலின் தொடக்கம் பெர்மிட், ஐசொலேஷன், பூட்டு, டேக், சப்ளை இல்லை என்ற சோதனை என்று இருக்கட்டும். ஸ்க்ரூ டிரைவரில் தொடங்கினால் கேட்பவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

பணம் கேட்பவர்கள்

2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் போன்ற பயண ஆவணம் ஆகியவற்றின் செலவு மட்டுமே உங்களுடையதாக இருக்கலாம். விசா செலவு கப்பல் முதலாளியுடையது. ‘விசா டெபாசிட்’, ‘சீட் ப்ளாக்கிங்’ என்று யார் கேட்டாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கப்பலின் நிரந்தர அடையாளமான ஐ.எம்.ஓ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதில் 7 இலக்கம் இருக்கும். முதல் ஆறையும் வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால் கிடைக்கும் தொகையின் கடைசி இலக்கம்தான் ஏழாவது. 9074729 என்றால் 63, 0, 35, 16, 21, 4, கூட்டினால் 139, கடைசி இலக்கம் 9, சரி. கற்பனையில் எழுதிய எண் பெரும்பாலும் இதில் மாட்டும். ஏமாற்றுக்காரர் உண்மையான கப்பலின் எண்ணையே திருடியும் போடலாம். ஆகவே அந்த எண்ணை வைத்து முதலாளி, மேலாளர் நிறுவனத்தைக் கண்டுபிடித்து, அவர்களின் சொந்தத் தளத்தில் உள்ள முகவரிக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். ஏஜென்ட் கொடுத்த எண்ணுக்கே போன் செய்தால், எடுப்பதும் அதே ஏஜென்டாக இருக்கலாம்.

ஒப்பந்தத்தில் பதவிப் பெயரைப் பாருங்கள். பேசியது இ.டி.ஓ., எழுதியிருப்பது எலக்ட்ரோ டெக்னிக்கல் ரேட்டிங் என்றால் சம்பளம் மட்டும் மாறுவதில்லை. அந்த மாதங்கள் உங்கள் புத்தகத்திலும் ரேட்டிங் சேவையாகவே ஏறும்.