புதுப் பதிவு பட்டனைத் தொடும் முன்: அரசு மருத்துவமனையில் கணினி அமைப்பவர்களுக்கு

போன வாரம் எங்கள் கடற்கரைப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் ஓ.பி. பதிவுக்குக் கணினி அமைத்துக்கொண்டிருந்தார்கள். பல வருஷம் முன்னால் நான் செய்த தவறையே திரும்பச் செய்கிறார்கள். பேக்கப் எடு, பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டாதே என்பதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், விடுங்கள்.

தேடாமல் புதுப் பதிவு போடுவது

இது இன்னும் எனக்கு ஆறவில்லை. காலையில் பாம்பன், தங்கச்சிமடம் பஸ் வந்து நின்றதும் வரிசை வாசலைத் தாண்டிவிடும். ‘முனியசாமி’ என்கிறார் ஒருவர். ராமநாதபுரத்தில் எத்தனை முனியசாமி! அதை ஆங்கிலத்தில் ஒருவர் நடுவில் ஒய் போட்டு எழுதுவார், இன்னொருவர் போடமாட்டார், கடைசி எழுத்து ‘ஐ’-யா ‘ஒய்’-யா என்பது அன்றைக்கு உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தது. இனிஷியல் முன்னால் ஒரு நாள், பின்னால் ஒரு நாள். வயது கேட்டால் ‘நாற்பது இருக்கும், போடுங்க’. போன் நம்பர் பக்கத்து வீட்டுக்காரருடையது. தேடினால் கிடைக்காது, உடனே புது நோயாளி நம்பர்.

நோட்டுப் புத்தகம் இருந்த காலத்தில் பழைய சீட்டை அவரே மடியில் வைத்திருப்பார். இப்போது லேப், பார்மசி, வார்டு எல்லாம் அந்த ஒரு நம்பரில்தான் தொங்குகின்றன. நம்பர் பிரிந்தால் ஆளே இரண்டாகப் பிரிந்த மாதிரி.

நான் அமைத்த இடத்தில் நடந்தது இது. திருக்கை முள் குத்திக் கால் வீங்கி ஒரு மீனவர் வந்தார். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பது அவருடைய பழைய நம்பரில் இருந்தது, அன்று போட்ட புது நம்பரில் அந்தக் கட்டம் காலி. டாக்டர் ஆம்பிசிலின் எழுதிவிட்டார், அதுவும் பென்சிலின் வகைதான். ஊசியில் மருந்து ஏற்றியபின் வயதான சிஸ்டர் ஒருவர் முகத்தைப் பார்த்து, ‘போன தடவை இவருக்கு உடம்பெல்லாம் தடித்ததே டாக்டர்’ என்றார். அவர் அன்று நைட் டூட்டியில் இருந்திருந்தால்? அந்தத் திரையில் ‘புதுப் பதிவு’ பட்டனைப் பெரிதாக மேலே வைத்தவன் நான்.

அதனால், தேடி முடிக்கும்வரை அந்தப் பட்டன் திறக்கவே கூடாது. பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், ஊர், மூன்றையும் தமிழில் வாங்குங்கள். ஒலியை வைத்துத் தேடும் சவுண்டெக்ஸ் ஆங்கிலப் பெயர்களுக்கென்று வந்தது, முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். கீழக்கரையில் ஜைனம்பு என்பதை ஒருவர் இசட்டிலும் இன்னொருவர் ஜேயிலும் தொடங்கினால் அது கைகொடுக்காது. 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க ஆபா என்ற சுகாதாரக் கணக்கு நம்பர் இருந்தால் நல்லது, ஆனால் அது கட்டாயமில்லை, கொண்டுவராதவர்தான் அதிகம். அப்புறம், இரட்டைப் பதிவைச் சேர்க்கும் அனுமதியைக் கவுண்டரில் கொடுக்காதீர்கள். இரண்டு வேறு முனியசாமிகளை ஒன்றாக்குவது இதைவிட ஆபத்து.

கணினியும் ரிஜிஸ்டரும் சேர்ந்தே

இரண்டிலும் எழுதச் சொன்னால் சிஸ்டர்கள் கணினியைத்தான் கைவிடுவார்கள். எந்தத் தேதியோடு எந்த ரிஜிஸ்டர் நிறுத்தப்படும் என்று முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.

உப்புக்காற்று

ஜன்னலோரம் யுபிஎஸ் வைக்காதீர்கள்.

நெட் போகும் நாள்

ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் லைன் போகும். முன்கூட்டியே நம்பர் அச்சடித்த சீட்டுக் கட்டு ஒன்று கவுண்டரில் இருக்கட்டும். பழைய நம்பர் கையில் இல்லாதவருக்கு மட்டும் அதைக் கொடுங்கள், லைன் வந்ததும் தேடிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.