வருமான வரிக் கடிதம்: ஆளுக்கு ஒரு வரி

மே கடைசியில் எல்லா கிளையண்டுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பும் சின்ன ஆபீஸ்களுக்காக இதை எழுதுகிறேன். "தேவையான ஆவணங்களைக் கொண்டு வரவும்" என்று பொதுவாக எழுதினால், ஆள் ஜூலை 28 அன்று பார்ம் 16 (சம்பளத்துக்கும் அதில் பிடித்த வரிக்கும் கம்பெனி தரும் சான்று) மட்டும் எடுத்துக்கொண்டு வருவார், உட்கார்ந்து பேசும்போதுதான் பேங்க் வட்டி, விற்ற மனை எல்லாம் வெளியே வரும், கெடுவுக்கு மூன்று நாள்தான் இருக்கும்.

தனி சாப்ட்வேர் வேண்டாம், வேர்டில் இருக்கும் மெயில் மெர்ஜ் போதும், ஒரே கடிதத்தில் ஆளுக்கு ஆள் விவரத்தை அதுவே மாற்றிப் போடும். எக்செலில் ஆளுக்கு ஒரு வரிசை. தலைப்புகள்: அழைக்கும் பெயர், கொண்டு வர வேண்டியவை, வரி கட்டுவது பழைய முறையிலா (வாடகை, எல்ஐசி போன்ற கழிவுகள் உண்டு) புதிய முறையிலா (அந்தக் கழிவுகள் இல்லை), கடைசியாக "சொந்த வரி", அதாவது அந்த ஆளுக்கென்றே எழுதும் ஒரு வாக்கியம்.

பெயரை பான் விவரத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். இனிஷியலை விரித்து எழுதிய நம் ஆட்களுக்குக் கடைசிப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர்தான் இருக்கும். ஒரு வருடம் அந்தக் கட்டத்தையே நான் இழுத்துப் போட்டுவிட்டேன், ஒரு அம்மாவுக்கு, இறந்துபோன அவருடைய அப்பா பெயரில் "அன்புள்ள" என்று கடிதம் போய்விட்டது. போன் செய்தார், கோபப்படவில்லை, "அப்பா போய் நாலு மாசம்தான் சார் ஆகுது" என்றார். அன்றிலிருந்து இந்த ஒன்றைக் கையால்தான் டைப் செய்கிறேன். டீச்சர், அண்ணாச்சி, மேடம், நேரில் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியே.

சொந்த வரியை மே மாதம் யோசித்தால் வராது. போன வருடக் கணக்கைத் தாக்கல் செய்த அன்றே, ஃபைல் திறந்திருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும். "ஏஐஎஸ்ஸில் (வருமான வரித் துறையிடம் இருக்கும் உங்கள் வருமான விவரப் பட்டியல்) எஃப்டி வட்டி 38,000 இருந்தது, நீங்கள் சொன்னது 12,000, இந்த முறை எல்லா பாஸ்புக்கும் வேண்டும்." "மனையை விற்கப் போவதாகச் சொன்னீர்கள், விற்றிருந்தால் வாங்கிய பத்திரம், விற்ற பத்திரம் இரண்டையும் கொண்டு வாருங்கள்." இப்படி ஒரு வரி இருந்தால் அவர் கடிதத்தை எடுத்து வைப்பார்.

இப்போது புதிய முறைதான் தானாக வரும் என்பதால் வாடகை ரசீதும் எல்ஐசி ரசீதும் பழைய முறைக்காரரிடம் மட்டும் கேளுங்கள். மெயில் மெர்ஜில் "ரூல்ஸ்" என்பதற்குள் "இஃப்" இருக்கிறது, அதை வைத்து அந்தப் பத்தியை வர வைக்கலாம், மறைக்கலாம்.

எக்செலில் 1,25,000 என்று தெரிவது கடிதத்தில் 125000 என்று வந்து நிற்கும், தேதியில் மாதம் முன்னால் போய்விடும். தொகை, தேதி இரண்டையும் டெக்ஸ்டாக மாற்றிவிட்டு டைப் செய்யுங்கள், அப்புறம் பிரிவியூவில் ஒவ்வொன்றையும் பாருங்கள். ஒரே வீட்டில் நாலு பேர் கணக்கு இருந்தாலும் நாலு உறை, அப்பா வருமானம் மகன் கடிதத்தில் வரக்கூடாது.

தாக்கல் முடிந்து போகும் கடிதத்தில் "30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்யவும்" என்று எழுதாமல் தேதியையே போடுங்கள் (இ-வெரிஃபை என்றால் தாக்கலை ஆன்லைனில் உறுதி செய்வது). ஜூலை 15 அன்று தாக்கல் செய்தவருக்கு ஆகஸ்ட் 14. அதற்கு வரும் ஆதார் ஓடிபி மகன் போனுக்குப் போகிறது என்றால், "தம்பி ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்து வாருங்கள்" என்றும் சேர்த்துவிடுங்கள்.