வன்னிக்கு வரும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் நியமனம் கிடைத்து வன்னிக்கு வருகிற பலர் யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியா ரவுணிலிருந்தோ விடியக் கிளம்புகிறார்கள். ஏ9 வீதியால் வந்து மாங்குளத்தில் இறங்கி, மல்லாவிக்கோ ஒட்டுசுட்டானுக்கோ இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். களைப்பு இருக்கத்தான் செய்யும். அது வகுப்பறையில் தெரியத் தொடங்கினால்தான் மரியாதை குறையத் தொடங்கும்.

பாடசாலை 1.30க்கு முடியும். ஒரு மணி தாண்டியதும் கைப்பையை மூடி மேசையில் வைத்துவிட்டு, "இதைப் பார்த்து எழுதுங்கோ" என்று சொல்லி வாசலில் போய் நிற்கிற ரீச்சரைப் பிள்ளைகள் கவனிக்காமல் இல்லை. அவர்களும் கொப்பியை மூடிவிடுவார்கள். பஸ் பிரச்சினை உண்மைதான். நாலைந்து பேர் சேர்ந்து வான் பிடிக்கலாம். முதல் வருடமாவது கிழமை நாட்களில் ஊரிலேயே அறை எடுத்துத் தங்குவது நல்லது என்பது என் எண்ணம். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு அது முடியாது, சரி. ஆனால் இடமாற்றம் எப்போது வரும் என்ற கதையைப் பிள்ளைகள் காதுபடப் பேசாமல் இருக்க எல்லோராலும் முடியும்.

அடுத்தது, அறிமுக நாளில் ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி "அப்பா என்ன வேலை?" என்று கேட்பது. தயவுசெய்து கேட்காதீர்கள். 2009இல், போரின் கடைசி மாதங்களில், இந்த மண்ணில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன் போராட்டம் தொடங்கிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருக்கலாம். எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல் தலை குனிகிற பிள்ளை பிறகு உங்களிடம் சந்தேகம் கேட்க வராது. வீட்டு விவரம் தேவையென்றால் பழைய வகுப்பாசிரியரிடம் தனியாகக் கேளுங்கள்.

"நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்ற திட்டு நம் ஆசிரியர்கள் பலரின் வாயில் தானாகவே வரும். வன்னியில் அதைச் சொல்வது பெரும் பிழை. அந்தப் பிள்ளையின் வீட்டுச் சோறு மாட்டாலும் வயலாலும் வருவது. ஏச்சு விழுவது தகப்பன் மேல். பின்னேரமே அது அவர் காதுக்குப் போய்விடும். பிரம்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடை செய்கிறது. அடித்து அடக்கிய வகுப்பில் இருப்பது பயம்தான்.

சொந்த வகுப்புப் பிள்ளைகளிடமே காசு வாங்கி ரியூசன் வைப்பதும் வேண்டாம். காசு கட்டாத பிள்ளையை நீங்கள் எப்படி நடத்தினாலும் ஊர் சந்தேகமாகவே பார்க்கும்.

கடைசியாக, பெற்றோர் கூட்டம். வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று ஓய்வறையில் இருந்து தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். கூலிக்குப் போகிற அம்மாவுக்கு ஒரு காலை போனால் அன்றைய சம்பளமே போய்விடும். தை, மாசியில் காலபோக நெல் அறுவடை நேரம். அந்தக் கிழமைகளில் கூட்டம் வைக்க வேண்டாம் என்று அதிபரிடம் சொல்லிப் பாருங்கள். வந்தவர்களை நிற்க வைத்துப் பேசாதீர்கள். "வாங்கோ அம்மா, இருங்கோ" என்று கதிரையைக் காட்டி, பிள்ளை நன்றாகச் செய்த ஏதாவது ஒன்றை முதலில் சொல்லுங்கள். புள்ளிகளைப் பிறகு பேசலாம்.