தேர்தல் அறிக்கையில் பண்பாட்டு வாக்குறுதிகள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'பண்பாடு' என்ற தலைப்புள்ள பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கட்சியை எடைபோடுவதுதான் பெரிய தவறு. பழைய ஊர்களும் கட்டடங்களும் பிழைக்குமா என்பது பெரும்பாலும் வேறு பக்கங்களில் முடிவாகிறது: சாலை, பாலம், துறைமுகம், சுரங்கம். ஜெர்மனியின் டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கு 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. குறுக்கே நால்வழிப் பாலம் கட்டியதால் 2009இல் நீக்கப்பட்டது. கரையோரக் கட்டுமானங்களால் லிவர்பூல் துறைமுகப் பகுதியும் 2021இல் அந்த இடத்தை இழந்தது. மரபை அழிப்போம் என்று எந்தக் கட்சியும் எழுதாது. பாலம் கட்டுவோம் என்றுதான் எழுதும். இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

'யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றுத் தருவோம்' என்பதை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். அரசால் விண்ணப்பிக்க மட்டுமே முடியும்; முடிவு 21 நாடுகள் கொண்ட குழுவின் கையில். அதற்கு முன் அந்த இடம், நாடு முன்கூட்டியே யுனெஸ்கோவிடம் தரும் உத்தேசப் பட்டியலில் ஓராண்டாவது இருந்தாக வேண்டும். ஒரு நாடு ஆண்டுக்கு ஒரு முன்மொழிவுதான் தரலாம். பத்து இடங்களைச் சொல்லும் கட்சியிடம், எதை முதலில் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள்.

'கடல் கடந்த தொல்பொருள்கள் அனைத்தையும் மீட்போம்' என்பது மனத்தைத் தொடும் வரி, என்னையும் தொடுகிறது. ஆனால் கடத்தலைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை, அது நடைமுறைக்கு வரும் முன் போனவற்றுக்குப் பொருந்தாது. காலனி ஆட்சியில் போனவற்றுக்கு, அவற்றை வைத்திருக்கும் நாட்டின் மனமும் பல நேரம் சட்டமும் மாற வேண்டும். பெனின் நாட்டுக்கு 26 பொருள்களைத் திருப்பித் தர பிரான்ஸ் 2020இல் தனிச் சட்டமே இயற்றியது. ஆகவே மீட்பு முழக்கத்தோடு நிறுத்தாமல், உள்ளூரில் எஞ்சியிருக்கும் சிலைகளையும் சுவடிகளையும் படமெடுத்துப் பதிவு செய்யத் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு இல்லாத பொருள் திருடுபோனால், அது நம்முடையது என்று நிரூபிப்பதே கடினம்.

புதிய அருங்காட்சியகம் என்ற அறிவிப்பில் மயங்கி, பராமரிப்புச் செலவைக் கேட்க மறப்பதும் உண்டு. கட்டடத்துக்கு ஒருமுறை பணம் போதும். காவலுக்கும் மின்கம்பிக்கும் கூரைக்கும் ஆண்டுதோறும் வேண்டும். ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் பல ஆண்டுகளாகவே பராமரிப்புப் பணம் போதவில்லை. தன் 200ஆம் ஆண்டில், 2018 செப்டம்பரில், அது தீப்பிடித்து எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து சேர்ந்தபோது அருகிலிருந்த குழாய்களில் போதிய தண்ணீர் வரவில்லை.