பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பிடுங்காதீர்கள்: தலைமைப் பண்பு வளர்ப்பில் நடக்கும் தவறுகள்

துறுதுறுவென்று பேசும் பிள்ளையைப் பார்த்தால் போதும், ‘பிறவித் தலைவன்’ என்று முத்திரை குத்திவிடுகிறோம். குழுவில் அதிகம் பேசுபவரைத் தலைவராக ஏற்றுக்கொள்வது மனித இயல்பு. ஆனால் அவர் குழுவை ஒழுங்காக நடத்துவாரா என்பது வேறு கேள்வி. மேடைப் பேச்சுப் பயிற்சி பேசக் கற்றுத்தரும், அவ்வளவுதான். அதையே தலைமைப் பயிற்சி என்று நம்பினால், யார் எதில் கெட்டி என்று கவனித்து வைத்திருக்கும் அமைதியான பிள்ளை கடைசி வரிசையிலேயே நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பாதியில் பிடுங்குவது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி கைப்பந்து அணியின் தலைவி என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்தில் இறங்குபவர்களின் பட்டியலை அவள்தான் எழுத வேண்டும். நெருங்கிய தோழி இந்த வாரம் சரியாக ஆடவில்லை. அவள் பெயரை எழுதுகிறாள், அடிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். பாடம் முழுவதும் அந்தத் தவிப்பில்தான் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து, “கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று பயிற்சியாளர் தாளை வாங்கிக்கொண்டால் சிறுமிக்கு மிஞ்சுவது பதவிப் பெயர் மட்டும். எதை அவள் முடிவு செய்யலாம், எதைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு பட்டியல் தவறி ஆட்டமே தோற்றாலும் வாயைத் திறக்கக் கூடாது. பெரியவர்களுக்கு இதுதான் கடினம்.

அதற்காக முற்றிலும் கைகழுவிவிடுவதும் சரியல்ல. உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் 1939-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. பத்து வயதுச் சிறுவர்களின் குழுக்களைப் பெரியவர்கள் மூன்று விதமாக நடத்தினார்கள்: அதிகாரம் செய்தும், கலந்து பேசியும், கண்டுகொள்ளாமலும். அதிகாரம் செய்தவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசி நடந்த குழுவில் பெரியவர் வெளியே போன பிறகும் வேலை ஓடியது. கண்டுகொள்ளாமல் விடப்பட்ட குழுவிலோ வேலையும் உருப்படியாக நடக்கவில்லை.

பாராட்டிலும் ஒரு கண்ணி உண்டு. உளவியலாளர்கள் கிளாடியா மியூல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், சில குழந்தைகளை ‘நீ புத்திசாலி’ என்றும், சிலரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்துத் திணற வைத்தார்கள். பிறகு தங்கள் மதிப்பெண்ணை முன்பின் தெரியாத மாணவருக்கு எழுதச் சொன்னபோது, அதைக் கூட்டி எழுதியவர்கள் ‘புத்திசாலி’ அணியில்தான் அதிகம். பிம்பத்தைக் காப்பாற்றப் பொய் சொல்லும் பழக்கம் இப்படியும் தொற்றிக்கொள்கிறது. ‘நீ தலைவனாகவே பிறந்தவன்’ என்ற புகழ்ச்சியும் இதே ரகம் என்பேன்.

நற்பண்புக்கு நட்சத்திரமும் பட்டமும் கொடுப்பவர்கள் 1973-இல் வெளியான இன்னொரு ஆய்வையும் யோசிக்கலாம். படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முதலிலேயே சொல்லி வரையச் சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் வரையும் ஆசை குறைந்திருந்தது. பரிசை எதிர்பாராமல் பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. உதவும் குணத்துக்கும் விலை வைத்துப் பழக்கினால், விலை நின்ற நாளில் உதவியும் நிற்கலாம்.

நேர்மையைப் பற்றி அரை மணி நேரம் பேசும் ஆசிரியரின் கூட்டலில் ஒரு மாணவன் பிழை கண்டுபிடிக்கிறான். “ஆமாம், தவறு என்னுடையது” என்று அங்கேயே திருத்தினால் பேச்சே தேவையில்லை. “அதிகப்பிரசங்கி” என்று அடக்கினால் அந்த அரை மணி நேரமும் வீண்.

இரண்டு நாள் முகாம்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உற்சாகம் தரும், திரும்பி வந்ததும் கையில் ஒரு வேலை இல்லையென்றால் அந்த வாரமே வடிந்துவிடும்.

கடைசியாக, எப்போதும் ஒரே பிள்ளையைத் தலைவராக வைக்காதீர்கள். தன்னைவிட இளையவரின் கீழும் வேலை செய்து பார்க்கட்டும். ஆனால் வாரத்துக்கு ஒருவர் என்று மாற்றுவது பயன்படாது. தன் முடிவின் விளைவு கண்ணில் படுவதற்குள் பதவி கைமாறிவிடும். ஒரு பருவம் முழுக்கக் கொடுத்துப் பாருங்கள்.