கையைத் தூக்கினால் தோள் வலி: எனக்குப் பலன் தந்த வழி

கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது பாதி வழியில் சுரீரென்று பிடித்து, தலைக்கு மேல் போனதும் குறைந்தால், பெரும்பாலும் அது தோளைச் சுழற்றும் தசைநாண்களின் கோளாறு. எந்தப் பக்கமும் திரும்பாமல் தோள் இறுகிக் கிடந்தால் அது வேறு கோளாறு, உறைந்த தோள் (frozen shoulder) என்பார்கள். அது சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதிகம் வரும்.

எனக்கு வலி போனது முழு ஓய்வால் அல்ல, அளவான வேலையால். முதலில் சுவரோரம் பக்கவாட்டில் நின்று, முழங்கையை 90 டிகிரி மடித்து விலாவோடு ஒட்டி, புறங்கையால் சுவரை அழுத்த வேண்டும். 30 விநாடி, 5 முறை. கை அசையக் கூடாது.

வலி அடங்கியபின் ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டை வைத்து, முன்கையை மெல்ல வெளியே திருப்பி, அதைவிட மெதுவாக உள்ளே விடுங்கள். 10 முதல் 15 தடவை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். துண்டு விழுந்தால் முழங்கை விலகுகிறது, வேலையைப் பெரிய தசை வாங்கிக்கொள்கிறது. இலகுவான பட்டைக்கு மாறுங்கள். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் கூடியிருந்தால் அளவு மிஞ்சிவிட்டது.

இரவில் மல்லாந்து படுத்து, கைக்கடியில் ஒரு தலையணை. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம். தயவுசெய்து இரண்டாம் வாரத்தில் விட்டுவிடாதீர்கள். கீழே விழுந்தபின் கையைத் தூக்கவே முடியாவிட்டாலும், தோள்வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தாலும் பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.